ஐரோப்பியக் கைக்கருவிகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருவிகள் மேல் ஆசை உள்ள நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சு சீக்கிரமே ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போய்விடும். எந்தப் பிளேயர் நல்லது, எந்த ஸ்க்ரூ டிரைவர் உழைக்கும், இவ்வளவு விலை கொடுக்கலாமா என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். இயந்திரப் பராமரிப்பு எனக்குத் தொழில், விடுமுறை நாளில் மரவேலை பொழுதுபோக்கு. இரண்டிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐரோப்பாவில் செய்தது என்றாலே உசத்திதானா?

இல்லை. நான் எந்தக் கருவியை எடுத்தாலும் முதலில் அதன் வாயைத்தான் பார்ப்பேன். வாய் என்றால் வேலையைத் தொடும் இடம்: பிளேயரின் பல், கட்டரின் வெட்டு விளிம்பு, ஸ்க்ரூ டிரைவரின் நுனி, ஸ்பேனரின் தாடை, அரத்தின் பல். நல்ல எஃகும் சரியான பதமும் துல்லியமான அளவும் அந்த இடத்தில் இருந்தால் காசு கொடுத்தது வீண் போகாது. ஐரோப்பியக் கருவிகளில் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் செலவு செய்திருப்பார்கள். ஆனால் சுத்தியலுக்கோ சாதாரண கடப்பாரைக்கோ இந்த வாதம் அவ்வளவாகப் பொருந்தாது. பக்கத்துக் கடையில் கிடைக்கும் நல்ல சுத்தியலே போதும்.

நல்ல பெயர்கள் எல்லாம் ஜெர்மனியின் ஒரே மூலையில் இருந்து வருவது ஏன்?

வூப்பர்டால், ரெம்ஷைட், சோலிங்கன் மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். பெர்கிஷஸ் லாண்ட் என்று அந்தப் பகுதிக்குப் பெயர். மேடும் பள்ளமுமான நிலம், வூப்பர் ஆறு, அதில் வந்து சேரும் எத்தனையோ ஓடைகள். நீராவி வருவதற்கு முன்பே அந்த ஓடைகளில் சக்கரம் வைத்துப் பெரிய சம்மட்டிகளையும் சாணைக்கற்களையும் ஓட்டினார்கள். விறகுக்கரிக்குக் காடு இருந்தது, இரும்பும் எட்டும் தூரத்தில் கிடைத்தது. சோலிங்கன் கத்திக்குப் போனது, ரெம்ஷைட் கருவிகளுக்குப் போனது.

வூப்பர்டாலின் குரோனன்பெர்க் பகுதியில் ஸ்டால்வில்லே 1862-இலும் க்னிப்பெக்ஸ் 1882-இலும் தொடங்கின. ரெம்ஷைடில் ஹாஸெட் 1868-இல் வந்தது. ஹெர்மன் ட்செர்வர் என்ற நிறுவனரின் முதலெழுத்துகளை ஜெர்மன் உச்சரிப்பில் சொன்னால் அதுதான் ஹாஸெட். 1919-இல் அதே ஊரில் டோவிடாட் சகோதரர்கள் ஆரம்பித்தது கெடோரே. ‘சகோதரர்கள், டோவிடாட், ரெம்ஷைட்’ என்ற மூன்று ஜெர்மன் சொற்களின் தொடக்கங்களைக் கோத்த பெயர் அது. வேராவும் வூப்பர்டால்தான், 1936.

ஒரு ஊரில் அச்சு வெட்டுபவர், பதம் வைப்பவர், சாணை பிடிப்பவர், கைப்பிடி கடைபவர் எல்லோரும் தலைமுறை தலைமுறையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை சிவகாசியையும் குத்துவிளக்குக்கு நாச்சியார்கோயிலையும் தெரிந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

‘மேட் இன் ஜெர்மனி’ என்ற முத்திரையை எவ்வளவு நம்பலாம்?

அந்த முத்திரை பிறந்ததே ஒரு குற்றச்சாட்டாகத்தான். 1880-களில் சோலிங்கன் பக்கமிருந்து மலிவான கத்திகள் கத்திக்குப் பேர்போன ஆங்கிலேய ஊரான ஷெஃபீல்டின் பெயரைப் போட்டுக்கொண்டு பிரிட்டனுக்குள் வந்தன. ஷெஃபீல்டுக்காரர்கள் கொதித்தார்கள். 1887-இல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டு, வெளிநாட்டுச் சரக்கில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. மட்டமான சரக்கை மக்கள் அடையாளம் கண்டு ஒதுக்கட்டும் என்பது எண்ணம். அடுத்த சில பத்தாண்டுகளில் ஜெர்மன் தரம் ஏற ஏற அதே வரி பெருமைக்குரிய முத்திரையாகிவிட்டது.

இன்றைக்குக் கவனிக்க வேண்டியது, பிராண்டின் நாடும் பட்டறையின் நாடும் வேறு வேறாக இருக்கலாம் என்பது. வேரா ஜெர்மன் நிறுவனம், ஆனால் அதன் ஸ்க்ரூ டிரைவர்கள் செக் நாட்டில் பிஸ்த்ரிட்ஸெ என்ற ஊரில் உருவாகின்றன. வீஹாவின் தலைமையகம் பிளாக் ஃபாரஸ்ட் மலையில் உள்ள ஷோனாக், ஆனால் வியட்நாமிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு. பிரான்சின் ஃபாகோம் 2006 முதல் அமெரிக்க ஸ்டான்லி குழுமத்தின் கையில். சுவீடனின் பாக்கோவும் 1999 முதல் அமெரிக்க நிறுவனமான ஸ்னாப்-ஆனுடையது. இதில் எதுவும் குற்றமில்லை. செக் நாட்டு ஸ்க்ரூ டிரைவரில் நான் ஒரு குறையும் கண்டதில்லை. பெட்டியின் நிறத்தையும் கொடியையும் விட்டுவிட்டு, கருவியின் உடலில் என்ன பொறித்திருக்கிறது என்று படித்துப் பார்த்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு ஐரோப்பியக் கருவி வாங்கினால் எதை வாங்குவது?

யோசிக்காமல் சொல்வேன்: க்னிப்பெக்ஸ் கோப்ரா, 250 மில்லிமீட்டர் அளவு. நாம் வாட்டர் பம்ப் பிளேயர் என்று சொல்வதன் நல்ல வடிவம்.

சாதாரண வாட்டர் பம்ப் பிளேயரில் தாடையை நகர்த்த வேண்டுமென்றால் கைப்பிடிகளை அகல விரித்து, பள்ளத்திலிருந்து பள்ளத்துக்குத் தள்ளி, கண்ணால் பார்த்துச் சரி செய்ய வேண்டும். பைப்பில் வைத்து அழுத்தும்போது பள்ளம் நழுவி விரல் மாட்டிக்கொள்ளும். கோப்ராவில் ஒரு சின்னப் பட்டன். மேல் தாடையை நட்டின் மீதே வைத்து, பட்டனை அழுத்திக் கீழ்த் தாடையைத் தள்ளினால் வேலைக்குத் தகுந்த இடத்தில் போய்ப் பூட்டிக்கொள்ளும். அதன்பின் நழுவாது.

பல்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எல்லாப் பல்லும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், திருப்பும் விசைக்கு எதிர்ப்பக்கமாக. அதனால் பைப்பைக் கவ்வித் திருப்பினால் தானாகவே இறுகும், கைப்பிடியை நெரிக்க வேண்டியதில்லை. திசை மாற்றிப் பிடித்தால் வழுக்கும். புதிதாக வாங்குபவர்கள் செய்யும் தவறு இதுதான், அப்புறம் ‘இதில் என்ன பெரிய விஷயம்’ என்பார்கள். பல்லின் கடினம் ராக்வெல் அளவில் சுமார் 61. நல்ல உளியின் விளிம்புக்கு உள்ள கடினம் அது. 2 அங்குலப் பைப்பு வரை வாய்க்குள் போகும்.

அதே நிறுவனத்தின் பிளேயர் ரென்ச் ஏன் இவ்வளவு விலை? கோப்ராவுக்கு மாற்றா?

மாற்று இல்லை, வேறு வேலைக்கானது. பிளேயர் ரென்ச்சின் தாடைகளில் பல்லே கிடையாது. இரண்டும் வழவழப்பாக, எந்த அளவில் திறந்தாலும் ஒன்றுக்கொன்று இணையாகவே நிற்கும். கை கொடுக்கும் அழுத்தத்தைப் பத்து மடங்காக்கித் தாடைக்குக் கொடுக்கும் நெம்புகோல் அமைப்பு உள்ளே இருக்கிறது.

குளியலறைக் குழாயின் குரோம் நட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பல் வைத்த எதைக் கொண்டு திருப்பினாலும் நட்டில் கீறல் விழும். துணி சுற்றித் திருப்புவோம், துணி கிழியும், கீறல் எப்படியும் விழும். பிளேயர் ரென்ச்சால் நட்டின் இரண்டு பக்கத்தையும் அழுத்திப் பிடிக்கும்போது இடைவெளியே இருக்காது. ஸ்பேனரில்கூட மயிரிழை ஆட்டம் இருக்கும், இதில் அதுவும் இல்லை. என் வீட்டில் ஐந்து குழாய்களை மாற்றினேன், ஒரு நட்டிலும் தழும்பு இல்லை. பிடியைத் தளர்த்தி, பின்னால் நகர்த்தி, மறுபடி அழுத்தினால் ராட்செட் போலவும் ஓடும். மில்லிமீட்டர், அங்குலம் என்ற வித்தியாசமே தேவையில்லை. தகட்டை மடிக்கவும், பசை காயும்வரை இரண்டு துண்டுகளை அழுத்திப் பிடிக்கவும்கூடப் பயன்படும்.

உருண்டைப் பைப்பில் மட்டும் இதை வைக்காதீர்கள். அங்கே கோப்ராதான்.

ஸ்க்ரூ டிரைவரில் வேரா, வீஹா, பிபி ஸ்விஸ்: எது?

மூன்றையும் பல வருடம் வைத்திருந்ததால் சொல்கிறேன், எஃகில் மூன்றும் நல்லவை. வித்தியாசம் கைப்பிடியில்தான் தெரியும்.

வேராவின் கைப்பிடி 1960-களில் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து வடிவமைத்தது. உள்ளங்கைக்குள் ஒரு முட்டை உட்கார்ந்ததுபோல் இருக்கும். வழுவழுப்பான பகுதி கைக்குள் சுழல, மெத்தென்ற பகுதி பிடித்துக்கொள்ளும். பெரிய கை உள்ளவர்களுக்கு அருமை. சில மாதிரிகளின் நுனியில் லேசரால் நுண்ணிய கோடுகள் போட்டிருப்பார்கள், அது ஸ்க்ரூவின் பள்ளத்தைக் கவ்விக்கொள்ளும். வீஹா கொஞ்சம் மெலிந்தது, நீண்ட நேரம் பேனல் போர்டு வேலை செய்பவர்களுக்கு வசதி.

பிபி ஸ்விஸ் பெர்ன் மாநிலத்தில் எம்மெண்டால் பள்ளத்தாக்கில் வாஸன் என்ற சிற்றூரில் செய்வது. 1878-இல் தொடங்கிய பட்டறை. பிபி என்பது பவுல் பவுமான் என்ற பெயரின் சுருக்கம். ஒவ்வொரு கருவியிலும் தனி வரிசை எண் பொறித்திருக்கும். அதன் பழைய பாணிச் சிவப்புக் கைப்பிடியை முதன்முதலில் மூக்கருகே கொண்டுபோனபோது எனக்கு வியப்பு தாங்கவில்லை, வெனிலா ஐஸ்கிரீம் வாசம்! அந்தப் பிளாஸ்டிக்கின் இயல்பான நெடி தெரியாமல் இருக்க வாசனை சேர்க்கிறார்கள். என் மேசை இழுப்பறையைத் திறந்தால் இன்றும் அந்த வாசம் வரும்.

வாங்குவது ஒன்றே ஒன்று என்றால், கடைக்குப் போய் மூன்றையும் கையில் பிடித்துப் பார்த்து எது பொருந்துகிறதோ அதை எடுங்கள்.

நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் வாங்கியும் ஸ்க்ரூவின் தலை மழுங்குகிறதே?

அநேகமாக ஸ்டார் என்று நாம் சொல்வதற்குள் இருக்கும் வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. குறைந்தது மூன்று வகை உண்டு. ஒன்று ஃபிலிப்ஸ். இரண்டாவது போஸிட்ரிவ், ஐரோப்பிய மரச்சாமான்களில் பெரும்பாலும் இதுதான். ஸ்க்ரூவின் தலையில் கூட்டல் குறிக்கு நடுவே 45 டிகிரியில் நான்கு மெல்லிய கோடுகள் இருந்தால் அது போஸிட்ரிவ். இதில் ஃபிலிப்ஸ் நுனியைப் போட்டால் ஆடும், எகிறும், தலை போகும். மூன்றாவது ஜப்பானியத் தரம். தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் பெரும்பாலும் அதுதான். பழைய ஜப்பானிய பைக்கின் இன்ஜின் மூடியில் ஐரோப்பிய ஃபிலிப்ஸ் நுனி அடிவரை உட்காராது. எவ்வளவு விலையுள்ள சுவிஸ் கருவியாக இருந்தாலும் அங்கே தோற்கும். அதற்கு ஜப்பானிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்று தனியாக வைத்துக்கொள்வதே சரி.

ஸ்பேனர் செட் ஜெர்மனியிலிருந்து வாங்கி வரச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அளவைப் பார்த்துச் சொல்லுங்கள். இது பலருக்கும் மாட்டும் இடம்.

ஒரே போல்ட்டுக்கு நாடு மாறினால் தலையின் அளவும் மாறும். 8 மில்லிமீட்டர் மரை போல்ட்டுக்கு ஐரோப்பாவில் 13 ஸ்பேனர், ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் 12. 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பழைய ஜெர்மன் தரப்படி 17, பன்னாட்டுத் தரப்படி 16, ஜப்பானிய வண்டிகளில் 14. நம் ஊரில் ஓடும் பைக்குகளில் பாதிக்கு மேல் ஜப்பானிய வழி வந்தவை. 10, 13, 17, 19 என்று நாலே ஸ்பேனர் உள்ள அழகான சிறு செட் ஒன்றை மாமா ஆசையாக வாங்கி வருவார். பைக்கைக் கழற்ற உட்கார்ந்தால் முதலில் தேவைப்படுவது 12-உம் 14-உம்தான். ஆகவே 8 முதல் 19 வரை இடைவெளி இல்லாத செட்டாகக் கேளுங்கள்.

தரத்தைப் பொறுத்தவரை ஸ்டால்வில்லே எனக்கு ரொம்பப் பிடிக்கும். தண்டின் குறுக்குவெட்டு தண்டவாளம் போல இருபக்கமும் குடைந்திருப்பதால் கனம் குறைவு, வளையாது. தலையும் மெலிதாக இருப்பதால் இடுக்கான இடத்தில் நுழையும். விமானப் பராமரிப்பில் அதற்கு மதிப்பு அதிகம். அதன் ரிங் பகுதி நட்டின் மூலையைத் தொடாமல் பக்கத்தை அழுத்துமாறு வளைவாக வெட்டப்பட்டிருக்கும். துருப்பிடித்த பழைய நட்டில் அந்த வித்தியாசம் உடனே தெரியும். கெடோரே கனமான கைக்கு ஏற்றது. ஹாஸெட் மோட்டார் வாகன மெக்கானிக்குகளின் செல்லம். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் ஸ்டெப்னி சக்கரத்தின் குழிக்குள் அடங்கும் வட்டமான கருவிப்பெட்டி ஒன்றை அவர்கள் ஒரு காலத்தில் செய்தார்கள். இன்று சேகரிப்பாளர்கள் அதற்காக அலைகிறார்கள். ஸ்லோவேனியாவின் ஸ்ரேச்செ ஊரில் உள்ள யூனியோர் விலைக்கு நல்ல மதிப்பு தரும், சைக்கிள் கருவிகளில் இன்னும் விசேஷம்.

டபாரியா இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. நாசிக்கில் டபாரியா 1969-இல் கருவி செய்யத் தொடங்கியதே ஒரு சுவீடன் நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டுடன்தான். அதனால் ஐரோப்பியப் பட்டறை அறிவு அதற்குள்ளும் இருக்கிறது. வீட்டுக்குக் கட்டிங் பிளேயர், டெஸ்டர், சாதாரண ஸ்பேனர் என்றால் நான் டபாரியாவையே சொல்வேன், என் பையிலும் அதுதான். தினமும் கம்பி வெட்டுகிற எலக்ட்ரீஷியனுக்குச் சைடு கட்டரும், பிளம்பருக்கு வாட்டர் பம்ப் பிளேயரும் மட்டும் ஐரோப்பியமாக இருந்தால் மாலையில் கை வலிக்காது.

அட்ஜஸ்டபிள் ஸ்பேனர்?

பாக்கோ. இன்று நாம் பிடிக்கும் வடிவத்துக்கு 1892-இல் காப்புரிமை வாங்கியவர் சுவீடனின் என்ஷொப்பிங் ஊரைச் சேர்ந்த யோஹான் பெட்டர் யோஹான்சன். மீனும் தூண்டிலும் உள்ள சின்னத்தைப் பாருங்கள், தாடையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகம் இருந்தால் எந்த பிராண்டாக இருந்தாலும் வேண்டாம்.

1000 வோல்ட் என்று போட்ட கருவிகளில் விஷயம் இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. பன்னாட்டுத் தரமான ஐஈசி 60900-படி இந்தக் கருவிகளைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து 10,000 வோல்ட் செலுத்திச் சோதிப்பார்கள். இரட்டை முக்கோணச் சின்னமும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் உடலில் இருக்கும். சாதாரண பிளேயரில் உள்ள பிளாஸ்டிக் உறை வழுக்காமல் இருக்க மட்டுமே, மின்சாரத்துக்கு அல்ல. உறையில் கீறல் விழுந்து உள்நிறம் தெரிந்தால் அந்தக் கருவியை மின்வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். மெயினை அணைத்துவிட்டு வேலை செய்வது எப்போதும் முதல் விதி.

மரவேலைக்கு எந்த உளி?

தொடங்குபவர்களுக்கு செக் நாட்டின் நாரெக்ஸ். கடினம் 59 அளவில் இருக்கும், சாணைக்கல்லில் சீக்கிரம் கூர் ஏறும், விலையும் தாங்கும். அடுத்த படி ரெம்ஷைடின் கிர்ஷன், இரட்டைச் செர்ரிப் பழம் சின்னம், 61. கூர் நீண்ட நேரம் நிற்கும், தீட்டவும் அதற்கேற்ப நேரம் ஆகும்.

சிற்ப வேலை என்றால் சுவிட்சர்லாந்தின் லாங்கென்டால் ஊரின் ஃபைல் உளிகளை ஒரு முறையாவது பிடித்துப் பார்க்க வேண்டும். தண்டில் 5/20 என்று இருந்தால் 5 என்பது வளைவின் எண், 20 என்பது மில்லிமீட்டரில் அகலம். எண் கூடக்கூடக் குழிவு ஆழமாகும். எண்கோணக் கைப்பிடி மேசையில் உருளாது. ஒரு மாலை முழுக்கத் தேக்குப் பலகையில் இலைக்கொடி வெட்டினேன். கடைசி இலையின் நரம்பும் முதல் இலை மாதிரியே பளபளவென்று சீவி வந்தது, நடுவில் கூர் தீட்டும் தோல்பட்டையில் நாலு இழுப்பு இழுத்ததோடு சரி.

கோடாலி கேட்பவர்களுக்கு: சுவீடனின் கிரான்ஸ்ஃபோர்ஸ். அடித்த கொல்லரின் பெயரெழுத்துகள் ஒவ்வொரு கோடாலியிலும் பொறித்திருக்கும்.

அரம்?

வல்லோர்ப். சுவிட்சர்லாந்தின் அந்த ஊர் பெயரிலேயே வருவது. நுண்ணிய வேலைக்கு அதை மிஞ்சுவது கடினம். அராவும் முன் அரத்தில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் அலுமினியத் தூள் பல்லில் அடைக்காது. பின்னுக்கு இழுக்கும்போது அழுத்தாதீர்கள்.

வைஸ், கிளாம்ப் வாங்கும்போது என்ன பார்ப்பது?

வார்ப்பிரும்பா, அடித்துச் செய்ததா என்பதுதான் முதல் கேள்வி. ஷெஃபீல்டின் பழைய ரெக்கார்டு வைஸ்கள் வார்ப்பிரும்பு. அழகானவை, மேசையில் அதிர்வை உள்வாங்கும், ஆனால் சம்மட்டியால் அடித்தால் உடைய வாய்ப்புண்டு. ஜெர்மனியின் ஹாயர் வைஸ் அடித்துச் செய்த எஃகு. வளைந்த ஷாஃப்டை அதில் வைத்து அடித்தே நிமிர்த்தலாம். கிளாம்புக்கு பெஸ்ஸி, 1889-இல் தொடங்கிய நிறுவனம். அதன் தண்டை விரலால் தடவினால் தெரியும் சொரசொரப்பு, நகரும் தாடை நழுவாமல் பிடிக்க வைத்தது.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கே ஒரு முறை நேர்ந்தது. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வழக்கமான விலையில் பாதிக்குப் பிரபலமான பிளேயர் ஒன்றை வாங்கினேன். இரண்டாவது வாரம் பல் வழவழத்துவிட்டது. பக்கத்தில் அசலை வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: பொறித்த எழுத்துகள் ஆழமில்லை, பல்லின் இடைவெளி ஒரே சீராக இல்லை, மூடினால் நுனிக்கு முன்பே நடுப்பகுதி தொட்டது. கட்டராக இருந்தால் மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். விளிம்பின் நுனியில் வெளிச்சம் தெரியக் கூடாது. பிறகு ஒரு மெல்லிய காகிதத்தை நுனியால் மட்டும் வெட்டிப் பாருங்கள்.

பழைய ஐரோப்பிய லேத் (கடைசல் இயந்திரம்) கிடைத்தால் வாங்கலாமா?

கிடைத்தால் கண்டிப்பாகப் போய்ப் பாருங்கள். இங்கிலாந்தின் பீஸ்டன் ஊரில் செய்த மைஃபோர்டு வீட்டுப் பட்டறைக்காரர்களின் கனவு இயந்திரம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் வந்த எம்எல்7-உம், பின்னால் வந்த சூப்பர் 7-உம் இன்றும் எத்தனையோ கொட்டகைகளில் ஓடுகின்றன. 2011-இல் அந்தத் தொழிற்சாலை மூடியது. சுவிட்சர்லாந்தின் ஷாப்ளின், ஆஸ்திரியாவின் எம்கோ ஆகியவையும் கேட்டு வாங்கத் தகுந்தவை. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் சிங்கிள் பேஸ் மோட்டார் இங்கே அப்படியே ஓடும்.

நம் நாட்டிலேயே தேடினால் ஐரோப்பிய ரத்தம் உள்ளது இன்னொன்று: ஹெச்எம்டி. 1953-இல் பெங்களூரில் அது தொடங்கியது சுவிட்சர்லாந்தின் ஓர்லிகோன் நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டில். கோவைப் பட்டறைகளில் இன்னும் பழைய ஹெச்எம்டி லேத்கள் மரை வெட்டிக்கொண்டிருக்கின்றன.

பார்க்கப் போகும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், அது புதிதாக அடித்ததாக இருக்கும். சேடிலை (வெட்டும் கருவியைத் தாங்கி நகரும் பகுதி) சக்குக்கு (வேலைத்துண்டைக் கவ்விச் சுழற்றும் பகுதி) பக்கத்தில் கொண்டுவந்து, லேசாகப் பிடிமானம் தெரியும்வரை ஜிப்பை (சேடிலின் ஆட்டத்தைச் சரிசெய்யும் பட்டை) இறுக்குங்கள். அப்படியே மறுமுனையில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டுங்கள். நடுவழியில் இறுகி நின்றால் சக்குப் பக்கம் பெட் (சேடில் ஓடும் அடித்தளம்) தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் வேலை செய்வார்கள். சக்கில் ஒரு நீளமான தண்டைப் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள், சக்கைத் தாங்கும் ஹெட்ஸ்டாக் பேரிங்கின் ஆட்டம் கைக்குத் தெரியும். கடைசியாக, மரை வெட்டும் பல்சக்கரங்கள் முழு செட்டும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். அதில் நாலு தொலைந்திருந்தால் தேடி வாங்க மாதக்கணக்காகும், விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறையுங்கள்.